கழுத்துக்கு 540 நிமிடம்

ஜூன் 15, ஞாயிறு

திட்டம் போட்டு முடித்தாயிற்று. வாரத்துக்கு மூன்று வகுப்பு, எட்டு வாரம், ஆக இருபத்துநான்கு வகுப்பு. ஒவ்வொன்றும் எழுபத்தைந்து நிமிடம். மொத்தம் 1800 நிமிடம்.

ஜியு-ஜிட்சு மல்யுத்தம் என்றதும் எல்லோரும் எத்தனை பிடி தெரியும் என்றுதான் கேட்கிறார்கள். ஒரு பிடியை எத்தனை நிமிடம் சொல்லித் தருவீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏழு பிடி காட்டுகிற ஆசாமிகள் ஊரில் உண்டு. காட்டலாம். கல்யாணப் பந்தியில் இலை நிறைய வைத்துவிட்டுப் போவதுபோலத்தான், சாப்பிடுகிறவனுக்கு எதுவும் நினைவிருக்காது. என் வகுப்பில் ஒரு வாரத்துக்கு ஒன்றுதான். திங்கள் மெதுவாக, புதன் பாதி எதிர்ப்போடு, வெள்ளி முழு எதிர்ப்போடு.

வார்ம்-அப் 240. கீழே மாட்டிக்கொண்டால் எழுந்து வருவது 360. கால்களால் எதிராளியைத் தடுத்து வைப்பது 360. கை மடக்கும் பிடி 300. பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தால் தப்பிப்பது 540.

கழுத்துக்குக் கொஞ்சம் அதிகம்தான். அடிப்படை என்பதால் கொடுத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10 அன்று ப்ளூ பெல்ட் தேர்வு. இந்த முறை என் பெண்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர், இலக்கியாவும் ரெஜினாவும். ஒன்றரை வருடம் ஆயிற்று அவர்கள் வந்து. தேர்வின் கடைசிக் கட்டம் மாஸ்டரோடு ஐந்து நிமிடம். எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம், மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனால் ஐந்து நிமிடம் விரிப்பைவிட்டு இறங்கக் கூடாது. தட்டுவது என்றால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு தட்டு. போதும், விடு என்று அர்த்தம். தட்டியவுடன் விட்டுவிட வேண்டும். இந்த விளையாட்டு முழுவதும் அந்த ஒரு விஷயத்தின்மேல் நிற்கிறது.

மாஸ்டர் என்றால் ஜெயசீலன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர், ஆறு வருடமாக என் கணவர். பயிற்சிக் கூடத்தில் மாஸ்டர், வீட்டிலும் பாதி நேரம் மாஸ்டர்தான். பாடத்திட்ட நோட்டு அவர் மேசையில் இருக்கும், ஞாயிறுதோறும் சிவப்புப் பேனாவோடு பார்ப்பார். இந்த டைரி வேறு. இலக்கியா தன் கம்பெனியில் கொடுத்ததை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடத்து முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியை அவர் திறக்க மாட்டார். அவருக்கு அடிபடுவதில்லை.

ஜூன் 16, திங்கள்

மாலை நான்கரைக்கே வந்து விரிப்பைத் துடைத்தேன். சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் கணபதிப் பகுதியில் இந்த மாதம் எதுவும் காய்வதில்லை. ஜன்னலோர விரிப்புத் துண்டுகள் இரண்டும் நமுத்து நாறுகின்றன. டெட்டால் இரண்டு மூடி ஊற்றியும் நாற்றம் போகவில்லை.

வகுப்பில் உள்ள ஒன்பது பேரும் வந்தார்கள். கழுத்துப் பிடியிலிருந்து தொடங்கினேன். தாடையை இறக்கு. கழுத்தைச் சுற்றும் கையை உன் இரண்டு கையாலும் பிடித்து மார்போடு இழுத்து வை. பிறகு தோளைத் தரைக்குக் கொண்டுபோ. மூன்றே வேலை. இருபத்து மூன்று நிமிடம் இதையே செய்ய வைத்தேன்.

ரெஜினா பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், என்னைவிட ஐந்து வயது மூத்தவள். தன் பிள்ளைகளை விரட்டுகிற பழக்கத்தில் என்னையும் விரட்டுவாள். ஒரே பிடியை இவ்வளவு நேரமா என்று முனகினாள். இலக்கியாவுக்கு அந்தச் சலிப்பு கிடையாது. பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நூல் கூடக்குறைய இருந்தாலும் பாகத்தைத் தள்ளிவிடுகிறவள். அன்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். இன்று தோளை எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்று கேட்டாள். கோணமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

குரல் எழும்பவில்லை. சாரல்தான். எச்சில் விழுங்கினால் வலிக்கிறது. ரெஜினாவை எண்ணிக்கை சொல்லச் சொல்லிவிட்டு நான் கையால் காட்டினேன். மிளகுப் பால் குடிக்கச் சொன்னாள்.

ஜூன் 22, ஞாயிறு

நோட்டைப் பார்த்தார். கழுத்துக்கு எதற்கு இவ்வளவு என்றார். அடிப்படை என்றேன். போன வருடம் எவ்வளவு கொடுத்தாய் என்றார். 150. இந்த வருடம் அடிப்படை மூன்று மடங்குக்குமேல் ஆகிவிட்டதா என்று சிரித்தார். 540-ஐ அடித்து 90 என்று எழுதினார். மீதியைக் கால் தடுப்புக்கும் கைப் பிடிக்கும் பிரித்துக் கொடுத்தார். அழகான கையெழுத்து அவருக்கு.

கணக்காகப் பார்த்தால் அவர் சொல்வது சரி. கால் தடுப்பில் இரண்டு பேரும் சுமார்தான். பிறகு அவரே காபி போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காபி போடுவார் என்று சொன்னால் வகுப்பில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள்.

ஜூன் 25, புதன்

வார்ம்-அப் நோட்டில் பத்து நிமிடம். தரையில் இருபத்தைந்து. தாடை, கை, தோள். ஆறரைக்குத்தான் மாஸ்டர் ஆண்கள் வகுப்பை முடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவார். ஆறு இருபத்தைந்துக்கு நிறுத்திவிடுகிறேன்.

முடிந்து விரிப்பைத் துடைக்கும்போது இலக்கியா சௌமியாவைப் பற்றிக் கேட்டாள். போன வருடத் தேர்வில் மயங்கி விழுந்தவள். அன்று இலக்கியாவுக்கு வேலை, வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு வரவில்லை. வெயில், காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாள் என்றேன். ஆகஸ்ட்டில் இங்கே என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூலை 4, வெள்ளி

மாஸ்டர் வகுப்புக்குள் வந்து இலக்கியாவைக் கூப்பிட்டார். மூன்று நிமிடம் விளையாடினார்கள். நான் டைமர் பிடித்தேன். முதல் நிமிடம் நன்றாகத் தாக்குப்பிடித்தாள். இரண்டாவதில் அவர் பின்னால் போய்விட்டார். தாடையை இறக்கத் தாமதித்தாள், அவ்வளவுதான், கை உள்ளே போய்விட்டது. தட்டினாள். விட்டார். ஒரு விநாடி முன்னே பின்னே இருக்கலாம்.

அவர் போன பிறகு இலக்கியா தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“நாலு விநாடிங்க்கா.”

என்ன நாலு என்றேன்.

“தட்டினதுக்கப்புறம். எண்ணிட்டே இருந்தேன்.”

கழுத்து பிடிபட்டிருக்கும்போது எண்ணுகிற பெண் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நீ மெதுவாகத் தட்டியிருப்பாய், அவருக்குத் தெரிந்திருக்காது என்று சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். சரிங்க்கா என்றாள். அவள் பஸ் ஏறிப் போகும்வரை மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூலை 5, சனி

இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், தேர்வில் ஐந்து நிமிடத்தை மூன்றாக்கலாமா என்று சாப்பிடும்போது கேட்டேன். நல்ல மனநிலையில் இருந்தார், அதனால்தான் கேட்டேன். தட்டியவுடன் விட்டால் தட்டத்தான் கற்றுக்கொள்வார்கள், இன்னும் கொஞ்சம் தாங்க முடியும் என்று அவர்களுக்கே தெரிய வேண்டும் என்றார். நான் தட்டுவதைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு தயிரை ஊற்றிக்கொண்டே கேட்டார்: “சரி, குறைச்சுக்கலாம். மீதி ரெண்டு நிமிஷத்த யார் எடுத்துக்கறது, நீயா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஐந்தே இருக்கட்டும் என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காய்ச்சல். வகுப்புக்குப் போகவில்லை. ரெஜினா எடுத்தாள். இதைப் புதன்கிழமை கூடத்துக்கு வந்துதான் எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

சீருடைக்கு உள்ளே கழுத்துவரை ஏறுகிற பனியன் போட்டுக்கொண்டு போனேன். குளிருக்கு நல்லது. இலக்கியா என் கழுத்தைப் பார்த்தாள், கம்பெனியில் பாகத்தைப் பார்க்கிறவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. வார்ம்-அப் இருபத்தெட்டு நிமிடம்.

ஜூலை 16, புதன்

இன்று சந்தோஷமான நாள். எழுதி வைக்க வேண்டும்.

ஜூன் மாதம் கழுத்துப் பிடியிலிருந்து வெளியே வர இலக்கியாவுக்கு நாற்பது விநாடி ஆயிற்று. இன்று பன்னிரண்டு. ரெஜினா பதினெட்டு. ரெஜினா எனக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் இறுக்க, நான் எப்படி வழுக்கி வெளியே வருகிறேன் என்று காட்டினேன். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். மே மாதம் சேர்ந்த ஒரு பெண், அக்கா உங்களுக்கு இது ரொம்பப் பழக்கம்போல என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனால் எல்லோரும் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. நான் சொல்லித் தருகிற அத்தனையும் கை முழுதாகப் பூட்டுவதற்கு முன்பு செய்கிற வேலை. பூட்டிவிட்டால் எட்டு விநாடி, பத்து விநாடி, அதற்குள் கண் இருட்டிவிடும். அப்போது மிச்சம் இருப்பது தட்டுவது ஒன்றுதான். தட்டிய பிறகு நடப்பது நம் கையில் இல்லை, பிடித்திருக்கிறவர் கையில் இருக்கிறது. 1800 நிமிடத்தையும் கழுத்துக்கே கொடுத்தாலும் அந்த இடத்தில் சொல்லித் தர என்னிடம் ஒன்றும் கிடையாது.

துவைத்த சீருடைகளை மடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஜூலை 23, புதன்

ரெஜினா தேர்வுக்கு வரவில்லையாம். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் சொன்னாள். முட்டி வலியா என்றேன். இல்லை என்றாள். பள்ளியில் வேலை அதிகமா என்றேன். அதுவும் இல்லை. இருபது வருடமாகப் பிள்ளைகளின் அடியைப் பார்க்கிறவள், விழுந்த அடி எது, விழ வைத்த அடி எது என்று தனக்குத் தெரியும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தால் பயம் என்று சொல்லுங்கள், என் வகுப்பைப் பற்றிப் பேசாதீர்கள் என்றேன்.

“பயந்தான் மேடம். ஆனா ஒண்ணு. நீங்க எங்களுக்குப் பரீட்சைக்குச் சொல்லித் தரலீங்க. ஒரு ஆளுகிட்ட இருந்து தப்பிக்கச் சொல்லித் தர்றீங்க.”

விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவள் மீதியைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு சீட்டு. அவள் வீட்டு முகவரி. எதற்காக என்று எழுதவில்லை. கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். இந்த முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

ஆறு இருபதுக்கு நிமிர்ந்து பார்த்தால் மாஸ்டர் வாசலில் சாய்ந்து நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. ஒன்பது பேரும் ஜோடி சேர்ந்து கழுத்துப் பிடியில் கிடக்கிறார்கள். இது என்ன வார்ம்-அப் என்றுகூட அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டு உள்ளே வந்து இலக்கியாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கையைப் போட்டார். அவள் தாடையை இறக்கி, கையைப் பிடித்து இழுத்து, தோளைத் தரைக்குக் கொண்டுபோய் வெளியே வந்துவிட்டாள். ஒன்பது விநாடி.

வகுப்பு கை தட்டியது. அவரும் தட்டினார். நல்ல வார்ம்-அப் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, “இந்தப் புள்ளைக்கு அஞ்சு நிமிஷம் பத்தாது, எட்டு வெச்சுக்கலாம்” என்றார். இலக்கியா பெருமையில் சிவந்துபோனாள். இருபத்துநாலு வயதுதானே.

வண்டியில் வீடு போய்ச் சேரும்வரை அவர் பேசவில்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஆகஸ்ட் 2, சனி

கூடத்தைத் துடைக்கத்தான் வந்தேன், நேற்றையதையும் இப்போதுதான் எழுதினேன். இன்றைக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அம்மா காலையிலேயே வந்துவிட்டார். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு பேரூர் ஆற்றங்கரைக்குப் போனோம். அவர்தான் அம்மாவைக் கைப்பிடித்துப் படியிறக்கினார். மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று அம்மாவுக்கு வாய் ஓயவில்லை. என் குரல் ஏன் கரகரக்கிறது என்று அம்மா கேட்டபோது, உங்கள் பெண் வகுப்பில் கத்துகிற கத்து அப்படி என்று அவரே பதில் சொன்னார். அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

வழியில் இறங்கிக் கூடத்தைத் திறந்து இதை எழுதுகிறேன். பூட்டினேனா என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக மட்டும் என்றால் பழக்கமாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். எட்டு நிமிடத்தில் அவர் எத்தனை முறை வேண்டுமானாலும் இலக்கியாவின் கழுத்தைப் பிடிக்கலாம். எனக்குச் சொல்ல வேண்டியதை அவள்மேல் சொல்வார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சௌமியாவுக்கு ஃபோன் செய்தேன். ஒரு வருடத்தில் முதல் முறை. நன்றாக இருக்கிறாளாம், வேலை கிடைத்துவிட்டதாம், குறுக்கே வண்டிச் சத்தம். சும்மா விசாரிக்கக் கூப்பிட்டேன் என்றேன். அவள் சத்தத்தைவிட்டு ஒதுங்கி வந்து சொன்னாள்.

“மூணு தடவ தட்டினேங்க்கா. நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க.”

ஆமாம் என்றேன்.

“உங்க மேல எனக்குக் கோபமில்லீங்க்கா. ஆனா ஏன் நிறுத்தலன்னு மட்டும் அடிக்கடி யோசிப்பேன்.”

நானும் யோசித்தேன். மாஸ்டர் ஆடும்போது வேறு யாரும் விரிப்பில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்து முதல் பாடம். சேருகிற அன்றே சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எல்லோருக்கும் உடனே பதிந்துவிடும். ஒரு பெண் மூன்று முறை தட்டுகிறாள். நாற்பது பேர் ஓரத்தில் கை கட்டி உட்கார்ந்திருக்கிறோம். அதில் நானும் ஒருத்தி. வெயில் என்று ஊருக்குச் சொன்னேன், இந்த டைரியிலும் அதையே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தேர்வுக்கு வராதே என்று இலக்கியாவிடம் சொன்னேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நான் தயாரில்லையா என்று கேட்டாள். உன்னளவுக்கு யாரும் தயாராக இருந்ததில்லை என்றேன், அது உண்மை.

“அப்ப காரணத்தச் சொல்லுங்க்கா. நீங்க சொன்னா நான் நின்னுக்கறேன்.”

வாயைத் திறந்தேன். கால் தடுப்பு இன்னும் சரியாக வரவில்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். தவறான அளவு சொல்கிற ஆளை அவள் தினம் பார்க்கிறாள். பரவாயில்லைங்க்கா, அது வந்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டே வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பத்தவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடைசி வகுப்பு. ஆண்கள் பிரிவுக்குப் போட்டி இருந்ததால் மாஸ்டர் ஈரோட்டில். நோட்டில் இருந்தது: மீள்பார்வை, 75 நிமிடம். அதைத் திறக்கவே இல்லை.

ஒன்பது பேரையும் வட்டமாக உட்கார வைத்து இன்று ஒரே பாடம் என்றேன். தட்டிய பிறகும் ஒருவர் விடவில்லை என்றால், வெளியே நிற்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும். கழுத்தைச் சுற்றிய கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். தலைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் கையைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். சுண்டு விரலைப் பிடி, வெளிப்பக்கமாகத் திருகு. இன்னொருத்தி பிடிபட்டவளின் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ரெஜினாவை இறுக்கச் சொல்லி, ஒவ்வொருத்தியையும் வந்து பிரிக்க வைத்தேன்.

விரல் விஷயம் எளிதாக வந்துவிட்டது. விரிப்பில் கால் வைப்பதுதான் வரவில்லை. ஒவ்வொருத்தியும் ஓரத்தில் வந்து நின்றுவிடுகிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். ஏறு என்றால்தான் ஏறுகிறாள். நான் சொல்லாமல் ஏற வேண்டும் என்றேன். நாற்பது நிமிடம் அதற்கே போயிற்று. கடைசியில் நான் பிடிபட்டு உட்கார்ந்தேன், ரெஜினா பிடித்தாள். தட்டினேன். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். இலக்கியா வந்தாள்.

எதற்கு இந்தப் பாடம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரெஜினாவின் வீடு. மாலை ஐந்து மணி. முதலுதவிப் பெட்டியிலிருந்து டைரியையும் எடுத்து வந்துவிட்டேன்.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. ஆண்கள் பிரிவில் நான்கு பேர், எங்கள் பக்கம் இலக்கியா மட்டும். அவள் அப்பா, அம்மா இருவரும் அன்னூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மொத்தம் ஐம்பது பேர் இருப்பார்கள். டைமர் என் கையில்.

முதல் இரண்டு நிமிடம் அவள் ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டு முறை அவர் பின்னால் போனார், இரண்டு முறையும் வழுக்கி வெளியே வந்தாள். கூட்டம் கை தட்டியது. அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மூன்றாவது முறை அவர் கழுத்துக்குப் போகவில்லை, முதலில் அவளுடைய ஒரு கையைக் காலால் அமுக்கிப் பூட்டினார். பிறகு நிதானமாகக் கழுத்துக்கு வந்தார். ஒற்றைக் கையால் ஒன்றும் செய்ய முடியாது. அதை நான் சொல்லித் தரவில்லை. எனக்கும் அது வராது.

அவள் தட்டினாள்.

டைமரைக் கீழே போட்டேன் என்று ரெஜினா சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. விரிப்பில் கால் வைத்தது நினைவிருக்கிறது. முழங்காலில் விழுந்து அவர் சுண்டு விரலைப் பிடித்துத் திருகினேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை, கை விட்டுப்போயிற்று. இலக்கியா இருமிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தாள். ரெஜினா ஏறி வந்து அவள் தலையைத் தாங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பேர் ஏறிவிட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

அவர் எழுந்து சீருடையைச் சரிசெய்துகொண்டார். ஆட்டத்துக்கு நடுவில் யாரும் உள்ளே வரக் கூடாது என்று தெரியாதா என்று கேட்டார். வகுப்பில் கேட்கிற அதே குரல்.

“அவ தட்டிட்டா” என்றேன்.

நான் பார்க்கவில்லை என்றார்.

“நான் பாத்தேன். போன வருஷம் சௌமியா மூணு தடவ தட்டினா, அதையும் பாத்தேன். பாத்துட்டு வெயில்னு சொன்னேன்.”

இலக்கியாவின் அப்பா எழுந்துவிட்டார். ஃபோனை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். இவ்வளவு சொன்னதே போதும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இலக்கியா தரையில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அவள் கேட்ட காரணத்தை அவளைப் பார்த்தே சொன்னேன்.

“வீட்லயும் தட்டிருக்கேன். ஆறு வருஷமா.”

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சத்தமாகவும் இல்லை. கடைசி வரிசைவரை கேட்டதாக ரெஜினா சொல்கிறாள். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து, தோளில் மெதுவாகக் கை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி அன்பாகச் சொன்னார்.

“சரி சாரு, வா. வீட்ல போய்ப் பேசிக்கலாம்.”

“நான் வரலீங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.